போதகருக்கு என்ன வருத்தம்?

கடந்த ஆண்டின் இறுதியில் ஓரிரவு பதினொரு மணி தாண்டியபின் கிளிநொச்சியிலிருந்து நண்பரொருவர் தொலைபேசியில் அழைத்தார். பல்கலைக்கழகத்திலே கலைப்பீடத்தில் என்னோடு ஒரே விரிவுரை மண்டபத்தில் இருந்தவர். பட்டம் பெற்றதும் நான் பத்திரிகைக்கு வந்தேன். அவர் இறையியற் கல்லூரிக்குச் சென்று போதகரானார். பத்திரிகைக்காரனுக்கு அந்நேரத்தில் வருகின்ற அழைப்புகளில் பெரும்பாலானவை மரணச் செய்திகளே. ஆகவே யாரோ காலமாகிவிட்டார் என்று எண்ணிக்கொண்டுதான் பேனையையும் எடுத்துக்கொண்டு பேசத் தொடங்கினேன்.

"மச்சான், கடிதம் எழுதி முடிச்சிட்டன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியக் குடுக்கப்போறன்" என்றார்.

என்ன கடிதம் என்று நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. சில மாதங்களாகவே அவருடைய பேச்சில் ஒரு வறட்சி தெரிந்தது. பகிடி விடுவதை நிறுத்தியிருந்தார். கிறிஸ்தவ ஊழியத்தில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நின்றவர், போர் முடிந்து மக்கள் மீள்குடியேறிய காலத்தில் வேறெவரும் விரும்பாத ஓரிடத்தைத் தாமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனவர், இப்போது விலகல் கடிதம் எழுதிவிட்டுத் தூக்கமின்றி இருந்தார்.

காரணம் பல. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் சபையின் இளைஞர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போய்விட்டார்கள். பாடற்குழுவில் மூன்று பேர் மிஞ்சினார்கள். நிருவாகக் குழுவில் வழமையான மனத்தாங்கல்கள். இவையெல்லாம் எந்தப் போதகருக்கும் உள்ளவைதாம். ஆனால் அவரை விழுத்தியது இவற்றில் ஒன்றுமன்று. அவருடைய சபையில் ஒரு தாய் இருந்தார். 2009இல் மகனைத் தொலைத்தவர். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடங்கிய போராட்டத்தில், உடல்நலம் இடங்கொடுத்தவரை, மகனின் படத்தோடு இருந்தவர். அந்தப் பந்தலில் இருந்த தாய்மார் பலர் பிள்ளைக்கு என்ன நடந்ததென்று அறியாமலே கண்மூடிவிட்டார்கள். இந்தத் தாயும் அவ்வாறே போய்ச் சேர்ந்தார். இறப்பதற்கு முதல்நாள் திருவிருந்து கொடுக்கப் போன நண்பரிடம் அவர் கேட்டாராம்: "ஐயா, நீங்கள் ஜெபிக்கச் சொன்னீங்கள். நான் ஒரு நாளும் விடேல்லை. எனக்குப் பதில் சொல்ல ஒருத்தரும் இல்லையோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை மச்சான். அடுத்தநாள் அந்தப் பெட்டிக்கு முன்னால நிண்டு, வாய்க்கு வந்ததைப் பிரசங்கமெண்டு சொன்னன். அதுக்குப் பிறகு எனக்கு ஒண்டும் வருகுதில்லை."

நான் என்ன சொன்னேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. எல்லோரும் சொல்வதையே சொன்னேன்: மனந்தளரவேண்டாம், இவ்வளவு காலம் செய்தாயே, கடவுள் கைவிடமாட்டார். மறுமுனையில் சற்று நேரம் மௌனம். பின்னர், "இதைத்தான் நானும் சனத்துக்குச் சொல்லுறனான்" என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

அன்றிரவு எனக்கு என் தகப்பனாரின் நினைவு வந்தது.

அப்பா ஓர் உபதேசியார். குருப்பட்டம் பெறாதவர். தெல்லிப்பழைக்கு வடக்கே, பழைய அமெரிக்க மிஷன் மரபில் வந்த ஒரு சிறிய சபையில் நாற்பது குடும்பங்களுக்கு ஞாயிறு ஆராதனை, வீட்டு ஜெபம், சாவீட்டுப் பணி எல்லாம் அவருடைய பொறுப்பே. சம்பளம் சொற்பம். வீட்டு வளவில் மரவள்ளியும் கத்தரியும் இருந்தபடியால் நாங்கள் பசியறியாமல் வளர்ந்தோம். ஆண்டுக்கொருமுறை மிஷனரிமாரை நினைவுகூரும் ஞாயிற்றுக்கிழமையில் அப்பா ஒரே கதையைத்தான் சொல்வார். பர்மாவுக்குப் போன அமெரிக்கரான அதோனிராம் ஜட்சனின் கதை. 1824இல் ஆங்கிலேயருக்கும் பர்மிய அரசுக்கும் போர் மூண்டபோது ஒற்றனென்ற சந்தேகத்தில் ஆவா நகரிலே சிறையிலடைக்கப்பட்டார் ஜட்சன். அவர் பர்மிய மொழியில் பெயர்த்திருந்த புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதியை மனைவி ஆன் ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துச் சிறைக்குள்ளே கொடுத்துவிட்டார். எவரும் ஆசைப்படாத அளவுக்குக் கடினமான தலையணை. பின்னர் கைதிகளை வேறிடத்துக்கு இழுத்துச் சென்றபோது காவலர்கள் உறையை உருவிக்கொண்டு உள்ளே இருந்ததை எறிந்துவிட, மௌங் இங் என்ற சீடர் அதை ஐயனின் ஞாபகமாகவாவது இருக்கட்டுமென்று எடுத்துச் சென்றார். உள்ளே கையெழுத்துப் பிரதி அப்படியே இருந்தது. சிறுவர்களாகிய நாங்கள் தலையணைக் கட்டம் எப்போது வருமென்று வாங்கில் நெளிந்துகொண்டு காத்திருப்போம்.

1990 ஜூனில் மீண்டும் போர் வெடித்தபோது வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். எங்கள் ஊர் பின்னர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. அப்பா தமது சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த பொருட்களில் ஒன்று சபையின் ஞானஸ்நானப் பதிவேடு. வீட்டிலிருந்த தையல் இயந்திரத்தை விட்டுவிட்டு அதைக் கொண்டுவந்தாரென்று அம்மா நெடுங்காலம் குறைப்பட்டுக்கொண்டார். மானிப்பாயிலும் சுன்னாகத்திலும் சிதறியிருந்த சபையாரை அப்பா சைக்கிளில் தேடித்தேடிச் சென்று ஜெபம் நடத்தினார். எல்லா வீட்டிலும் அவர் சொன்ன வார்த்தை ஒன்றுதான்: கர்த்தர் நம்மைத் திரும்ப ஊருக்குக் கொண்டுபோவார்.

ஐந்து ஆண்டுகளுக்குப் பின் 1995 ஒக்டோபர் 30. அன்றைய மாலையையும் இரவையும் யாழ்ப்பாணத்தவருக்கு நான் விவரிக்கவேண்டியதில்லை. ஒலிபெருக்கி அறிவிப்பைக் கேட்டு, மழையிலே, வலிகாமம் முழுவதும் ஒரே வீதியில் இறங்கி நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. நான் அப்போது ஒரு பத்திரிகையில் இளம் செய்தியாளன். என் பெற்றோரைக் கொடிகாமத்தில் ஒரு பாடசாலை விறாந்தையில் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாட்களாயின. அம்மா என்னைத் தூணுக்குப் பின்னால் அழைத்துச் சென்று, ஏதோ களவைப் பற்றிச் சொல்பவரைப்போல, "அப்பா மூண்டு நாளா ஜெபம் பண்ணேல்லை" என்றார்.

பொழுதுபட்டால் விளக்கேற்றி ஜெபிக்காமல் ஒருநாளும் உணவருந்தாத வீடு எங்களது. அப்பா முற்றத்து மாமரத்தின் கீழே ஒரு சீமெந்துப் பையை விரித்து உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். வெகுநேரத்துக்குப் பின் அவராகவே சொன்னார்:

"தம்பி, அஞ்சு வருசமா ஊருக்குப் போவம் போவமெண்டு சொன்னனான். இப்ப இருந்த இடமும் போச்சு. நான் அந்தச் சனத்துக்குப் பொய் சொல்லியிருக்கிறன்."

அவரைத் தேற்ற வந்தவர்கள் பலர். அவர்களுள் சபையில் மதிப்புப் பெற்ற ஒருவர், உபதேசியாருக்கே விசுவாசம் குறைந்தால் மந்தை என்னாகும் என்று எல்லோரும் கேட்க உரத்துச் சொன்னார். அவர் கெட்டவரல்லர், அவருக்கும் வீடு போயிருந்தது. ஆனால் அதன்பின் அப்பா முகங்கொடுத்துப் பேசுவதையும் நிறுத்திக்கொண்டார். இந்த உலகத்தில் சோர்ந்துபோன மனிதனுக்குச் செய்யக்கூடிய தீங்குகளுள் அவனது சோர்வையே குற்றமாக்கிக் காட்டுவதைப்போல் வேறொன்றில்லை என்று அன்று தொடங்கி எனக்கொரு கருத்து உண்டு.

அப்பாவை எழுப்பியவர் ஓர் ஆச்சி. எழுத்தறியாதவர். எங்கள் ஊரவர். பேரனுடைய பிறப்புச் சான்றிதழ் ஓட்டத்தில் தொலைந்துவிட்டது, அவனுக்கு ஏதாவது அத்தாட்சி வேண்டும். அவர் அப்பாவிடம் ஜெபம் கேட்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "உபதேசியார், அந்தப் பெரிய கொப்பி கிடக்கோ?" என்று கேட்டார். அப்பா பொலித்தீன் சுற்றை அவிழ்த்துப் பதிவேட்டை எடுத்தார். பையனின் பெயர், பிறந்த திகதி, தாய் தகப்பன் பெயர், ஞானப்பெற்றார் பெயர் எல்லாம் அப்பாவின் கையெழுத்திலேயே இருந்தன. ஒரு தாளில் பிரதி எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். பிறப்பைப் பின்னர் பதிவதற்கு ஞானஸ்நானச் சான்றும் துணை ஆவணமாக உதவும் என்பதால், மறுநாள் இருவர் வந்தனர். அதற்கடுத்த நாள் சபையைச் சேராதவர்களும் வந்துவிட்டார்கள். இவர்களுக்குப் பதிவேட்டில் ஒன்றுமில்லை. ஆனால் உபதேசியார் எழுதித் தருவார் என்று கேள்விப்பட்டிருந்தார்கள். கனடாவில் உள்ள மகனுக்குக் கடிதம், செஞ்சிலுவைச் சங்கத்துக்கு மனு, ஓய்வூதியத்துக்கு விண்ணப்பம். மாமரத்தின் கீழே பாடசாலை மேசையொன்று வந்தது. நான் கொழும்பிலிருந்து எவரேனும் வரும்போது பேனைக்குச் சொல்லிவிடவேண்டியதாயிற்று. பேனைகளுக்கு அப்போது தட்டுப்பாடு.

அப்பாவிடம் ஜெபம் உடனே திரும்பிவிடவில்லை. மார்கழி நடுப்பகுதியில் ஒரு மாலை விறாந்தையில் பாட்டு நடந்துகொண்டிருக்க, அவர் போய்ப் பின்னால் நின்றாரென்று அம்மா சொன்னார். அவ்வளவுதான். நத்தாரன்று பிரசங்கம் செய்யும்படி கேட்டபோது மறுத்துவிட்டு, பதிவேட்டைத் திறந்து, நாற்பது குடும்பங்களின் பெயர்களையும் வாசித்து, இன்னார் இன்ன இடத்தில் இருக்கிறார்கள் என்று சொன்னார். தெரியாதவர்களுக்குத் தெரியாதென்றே சொன்னார். 1996 ஏப்ரலில் வலிகாமத்துக்குத் திரும்பியபின் வழமைபோல ஊழியம் செய்தார். ஆனால் ஊருக்குப் போவோம் என்ற வாக்கியம் மட்டும் அவர் வாயிலிருந்து பிறகு வரவில்லை. 2006இல் ஊரைக் காணாமலே காலமானார். போர் முடிந்தபின் காணிகள் பகுதிபகுதியாக விடுவிக்கப்பட்டபோது நாங்கள் போய்ப் பார்த்தோம். கோயிலின் மூன்று சுவர்கள் நின்றன.

அதற்கும் சில ஆண்டுகளின் பின்னர்தான் ஜட்சனின் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் முறையாக வாசித்தேன். அவருடைய மகன் எட்வர்ட் 1883இல் வெளியிட்ட நூல் அது. தலையணைக் கட்டம் வந்தது, சிறுவயதில் கேட்டதைப்போலவே இருந்தது. அதற்கு அப்பாலும் சில பக்கங்கள் இருந்தன. அவற்றை அப்பா ஒருமுறையும் சொன்னதில்லை. அவரிடமிருந்த சிறிய தமிழ் நூல் விடுதலையோடு முடிந்திருக்கவேண்டும்.

சிறையிலிருந்து வெளிவந்த ஜட்சன், 1826இல் உடன்படிக்கைப் பேச்சுக்காக ஆவாவுக்குப் போயிருந்த வேளையில், ஒக்டோபர் 24ஆம் திகதி ஆன் காய்ச்சலில் இறந்துபோனார். சிறைக்கதவு சிறைக்கதவாக அலைந்து கணவனைக் காப்பாற்றிய பெண்ணின் சாவுக்கு அவர் பக்கத்தில் இருக்கவில்லை. ஆறு மாதங்களில் இரண்டு வயதுக் குழந்தை மரியாவும் போயிற்று. அப்புறம் தகப்பனார் இறந்த செய்தி. ஜட்சன் மெல்லமெல்ல மனிதரை விட்டு விலகினார். தமக்கிருந்த கலாநிதிப் பட்டத்தைத் துறந்தார். பழைய கடிதங்களை அழித்துவிடும்படி சகோதரிக்கு எழுதினார். ஆனின் இரண்டாம் ஆண்டு நினைவுநாளில், 1828 ஒக்டோபரில், காட்டோரம் ஒரு குடிசைக்குக் குடிபோனார். ஒரு புதைகுழியைத் தோண்டச் செய்து, அதன் விளிம்பில் உட்கார்ந்து, தமது உடல் அதற்குள் எவ்வாறு அழியுமென்று எண்ணிக்கொண்டிருந்தார். கடவுள் உண்டென்று நம்புகிறேன், ஆயினும் அவரைக் காணமுடியவில்லை என்ற பொருள்பட ஒரு கடிதமும் எழுதினார். ஆறு ஆண்டுகள் காத்திருந்து 1819இலேதான் முதலாவது பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், சிறையிலும் தளராதவர். அவருக்குத்தான் இது நேர்ந்தது.

அந்தப் பக்கங்களை வாசித்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம். இதை ஏன் எங்கள் பிரசங்க மேடைகளில் மறைத்தார்கள்? தலையணையை மட்டும் கேட்டு வளர்ந்த உபதேசியார், மாமரத்தின் கீழே இருந்தபோது தம்மைப்போல ஒருவரும் விழுந்ததில்லை என்றல்லவா எண்ணியிருப்பார்? வேதாகமம் இவ்விடயத்தில் எங்கள் வரலாற்று நூல்களைவிட நேர்மையானது. எலியா சூரைச்செடியின் கீழே படுத்துச் சாவைக் கேட்டதை அது மறைக்கவில்லை. அவருக்கு முதலில் கிடைத்தது உபதேசமன்று. தூக்கமும், அடையும், ஒரு பாத்திரம் தண்ணீரும், மறுபடியும் தூக்கமும். கேள்வி கேட்கப்பட்டது அதற்குப் பிறகுதான். லண்டனில் ஆயிரக்கணக்கானோரை ஈர்த்த ஸ்பர்ஜனும் இதை மறைத்தவரல்லர். 1856 ஒக்டோபரில் அவர் பிரசங்கித்த மண்டபத்தில் யாரோ நெருப்பென்று கூச்சலிட்டதால் ஏற்பட்ட நெரிசலில் ஏழுபேர் இறந்தனர். அப்போது அவருக்கு வயது 22. அந்நாளின் நிழல் அவரை விட்டு அகலவில்லை. போதகர்களுக்கு வரும் மனச்சோர்வைப் பற்றித் தம் மாணவர்களுக்கு ஒரு விரிவுரையே நிகழ்த்தினார். ஓய்வைச் சோம்பலென்று எண்ணாதீர்கள் என்பது அதில் அவர் வற்புறுத்திய ஒன்று.

ஜட்சன் மீண்டது எவ்வாறு என்று தேடினால், அற்புதம் ஒன்றும் அகப்படவில்லை. சக ஊழியர்கள் அவரை விலக்கிவிடவில்லை. அமெரிக்காவில் சகோதரன் இறந்த செய்தி வந்தது. அவன் விசுவாசத்தோடு இறந்தான் என்பதறிந்து சற்று இளகினார். 1830இல் ஐராவதி வழியே உள்நாட்டுக்குப் பயணம் போனார். அதன்பின் அறைக்குள் உட்கார்ந்து பழைய ஏற்பாட்டை நாளொன்றுக்கு இருபத்தைந்து முப்பது வசனங்களாகப் பெயர்க்கத் தொடங்கினார். 1834 ஜனவரி 31ஆம் திகதி முழு வேதாகமத்தின் மொழிபெயர்ப்பும் முடிந்தது.

இங்கே எங்கள் ஊருக்கும் ஒரு தொடுப்புண்டு. 1812 பெப்ரவரியில் ஜட்சன் தம்பதியர் ஏறிவந்த அதே கப்பலில் சாமுவேல் நியூவெல் என்பவரும் இளம் மனைவி ஹரியட்டும் வந்தனர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பனி இடங்கொடாமையால் நியூவெல் தம்பதியர் மொரிசியசுக்குப் போக நேர்ந்தது. வழியிலே கடலில் பிறந்த குழந்தை இறந்தது. நவம்பர் 30ஆம் திகதி ஹரியட்டும் இறந்தார். வயது 19. இருவரையும் இழந்த நியூவெல் 1813இல் தனியாக இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணம் ஊழியத்துக்கு ஏற்ற இடமென்று அமெரிக்காவுக்கு எழுதியவர்களுள் அவர் முக்கியமானவர். 1816இல் அமெரிக்க மிஷன் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் கால்கொண்டது. நியூவெலோ 1821இல் பம்பாயில் வாந்திபேதியால் மடிந்தார். அவர் கண்டதெல்லாம் தோல்வி என்றுகூடச் சொல்லலாம்.

சனிக்கிழமை காலை பேருந்தேறிக் கிளிநொச்சிக்குப் போனேன். நண்பர் சவரம் செய்யாமல் வாசலில் நின்றார். கடிதத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அப்பாவின் பதிவேட்டையும் ஜட்சனின் குழியையும் பற்றிச் சொன்னேன். "அப்ப நானும் ஒரு குழி வெட்டி வைச்சிருக்கிறன் எண்டு சொல்லுறாய்" என்று சிரித்தார். பல மாதங்களுக்குப் பின் கேட்ட சிரிப்பு. பிறகு சொன்னார்: "உன்ர அப்பாவுக்கு ஒரு கொப்பி இருந்தது. அந்த அம்மாவுக்குக் குடுக்க என்னட்டை ஒரு துண்டுக் கடுதாசியும் இல்லை."

அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. இப்போதும் இல்லை.

அன்று மாலை சபைச் செயலாளரான ஓய்வுபெற்ற அதிபர் வந்தார். வந்தவர், "ஐயாவுக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டார். நம்மவர் நோயையும் வருத்தமென்பர், துயரையும் வருத்தமென்பர். அதிபர் கேட்டது நோயை. நண்பர் சற்றுத் தயங்கி, "நித்திரை இல்லை. பத்து மாசமா" என்றார். அதிபர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பத்து மாதமாக ஐயா எங்களோடு முகங்கொடுக்கிறாரில்லை, பெருமை பிடித்துவிட்டது என்று தாங்கள் பேசிக்கொண்டதை ஒளிக்காமல் சொன்னார். தமது மூத்த மகனும் போர் முடிந்தபின் இரண்டு வருடம் அவ்வாறு இருந்ததையும், மனநல வைத்தியரிடம் காட்டியதையும் மெதுவாகச் சொன்னார். ஒரு போதகர் அந்த வைத்தியரிடம் போவதா என்ற கூச்சம் நண்பருக்கு இருந்தது. அதிபர் தாமே கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார், போனார்.

ஞாயிற்றுக்கிழமை நண்பர் கொடுத்தது விலகல் கடிதமன்று. மூன்று மாத விடுமுறைக்கான விண்ணப்பம். குழுவில் ஒருவர் அந்த மூன்று மாதச் சம்பளத்தைப் பற்றிக் கேட்டார். எல்லாக் குழுவிலும் அப்படியொருவர் இருப்பார். பக்கத்துச் சபைப் போதகர் ஆராதனைகளைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்.

நண்பர் இப்போது வட்டுக்கோட்டையில் அக்கா வீட்டில் இருக்கிறார். விடுமுறையில் இன்னும் ஐந்து வாரங்கள் உண்டு. திரும்பப் போவாரா என்று நான் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. சென்ற சனிக்கிழமை பார்க்கப் போனபோது பதினொரு மணிக்கும் படுத்திருந்தார். "உவன் இப்ப நல்லா நித்திரை கொள்ளுறான் தம்பி, எழுப்பாதையும்" என்றார் அக்கா. நான் குந்தில் இருந்து பத்திரிகை வாசித்தேன். பிற்பகலில் எழும்பி வந்து ஒடியற்கூழ் இரண்டு கோப்பை குடித்தார். பின்னர், அந்தத் தாயின் மகனுடைய முழுப்பெயரையும் பிறந்த திகதியையும் ஒரு கொப்பித் தாளில் எழுதி என்னிடம் தந்து, உங்கள் பத்திரிகையில் அவன் காணாமற்போன காலத்துச் செய்தி ஏதும் கிடக்குதோ என்று பார்க்கச் சொன்னார். திங்கட்கிழமை தொடக்கம் பழைய கோவைகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.